லோரி அசையும், மேடை அசையாது

பத்து காஜா பக்கம் கிடங்கு கட்டுகிறவர்கள் லோடிங் பே பற்றி முதலில் கேட்பது, "மேடையை எவ்வளவு உயரம் தூக்கலாம்?" என்பதுதான். வரைபடம் போடுபவர் 1.2 மீட்டர் அல்லது 1.3 மீட்டர் என்று எழுதுவார். பேச்சு பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அந்த மேடையில் வந்து நிற்கப்போகும் லோரிகளை யாராவது ஒருநாள் அளவுநாடா பிடித்து அளந்திருந்தால், பின்னால் வரும் தொல்லைகளில் பாதி வராமலே போயிருக்கும்.

சின்ன மூன்று டன் லோரியின் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். டிரெய்லர் மேல் ஏற்றிய கொள்கலனின் தளமோ 1.4 மீட்டரிலிருந்து 1.55 மீட்டர் வரை போகும். அந்த உயரமும் நிலையாக நிற்பதில்லை. சரக்கு ஏற ஏற வில்பட்டை அமுங்குகிறது, இறங்க இறங்க எழும்புகிறது. காற்றுப்பை மேல் நிற்கும் டிரெய்லர் என்றால், ஃபோர்க்லிஃப்ட் உள்ளே நுழைந்த கணமே பின்பக்கம் பல சென்டிமீட்டர் சட்டென்று இறங்கிவிடும். மேடை சிமெண்டில் கட்டியது, அசையாது. அசைகிற ஒன்றையும் அசையாத ஒன்றையும் ஆறு டன் வண்டி ஓடும்படி இணைக்க வேண்டும். லோடிங் பேயில் இருக்கும் அத்தனை கருவிகளும் இந்த ஒரு வேலைக்காகத்தான்.

ரயில் மேடைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. தெலுக் ஆன்சன் என்று அப்போது பெயர் கொண்டிருந்த தெலுக் இந்தானில் 1893இல் தொடங்கி, 1895இல் ஈப்போவை எட்டிய பாதை பத்து காஜா வழியாகத்தான் வந்தது. தண்டவாளம் கிடந்த இடத்திலேயே கிடக்கும், வண்டியின் தளமும் ஏறத்தாழ ஒரே உயரம். மேடையை ஒருமுறை அளந்து கட்டினால் பல தலைமுறைக்குப் போதும். 1989இல் தொடங்கிய ஈப்போ கார்கோ டெர்மினலுக்குக் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன்கள் ரயிலில் வரலாம். ஆனால் அங்கிருந்து கிடங்கு வாசல் வரையுள்ள கடைசித் தூரம் லோரியில்தான். உயரக் கணக்கு அந்தக் கடைசித் தூரத்தில்தான் தொடங்குகிறது.

இணைப்பு வேலையைச் செய்வது டாக் லெவலர். மேடை விளிம்பில் குழி எடுத்துப் பதித்த இரும்புத் தகடு அது. பின்பக்கம் கீலில் மாட்டியிருக்கும், முன்பக்கம் மேலும் கீழும் போகும். அதன் நுனியில் மடங்கி விரியும் ஒரு நாக்கு உண்டு. லோரி வந்து நின்றதும் தகடு எழும்பி, நாக்கு விரிந்து, லோரித் தளத்தின் மேல் படிய வேண்டும். படிவது குறைந்தது 100 மில்லிமீட்டராவது உள்ளே போயிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் கொஞ்சம் நகர்ந்தாலும் நாக்கு நழுவும்.

லெவலரின் நீளத்தை எப்படி முடிவு செய்வது? ஐரோப்பாவின் ஈஎன் 1398 தரம், வேலை நேரத்தில் சரிவு 12.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. எட்டு அடி போனால் ஒரு அடி ஏற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். மேடை 1.3 மீட்டர், லோரித் தளம் 1 மீட்டர் என்றால் வித்தியாசம் 30 சென்டிமீட்டர். அதை எட்டால் பெருக்கினால் 2.4 மீட்டர். கொள்கலன் தளம் 1.55 மீட்டர் என்றால் வித்தியாசம் 25 சென்டிமீட்டர், நீளம் 2 மீட்டர். ஆகப் பெரிய வித்தியாசம் எதுவோ அதற்குத்தான் வாங்க வேண்டும். விலை குறைவு என்று குட்டை லெவலரை வாங்கிவிட்டால், சரிவு செங்குத்தாகி ஃபோர்க்லிஃப்டின் அடிவயிறு உச்சியில் உரசும்.

ஃபோர்க்லிஃப்டுக்கு 12.5 விழுக்காடு சரி. கையால் இழுக்கும் பாலெட் ஜாக்குக்கு அது சரியே அல்ல. ஒரு டன் பாலெட்டை அந்தச் சரிவில் பிடித்து நிறுத்தவே 124 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். எவ்வளவு பலசாலியானாலும் ஒரு ஆளால் அது முடியாது. இறங்கும்போது பாலெட் அவரைத் தள்ளிக்கொண்டு போகும். சரிவை 3 விழுக்காடாகக் குறைத்தால் அதே பாலெட்டுக்கு 30 கிலோ போதும். கையால் இழுத்து இறக்கும் கிடங்குகள் இன்னும் நம் வட்டாரத்தில் நிறைய இருக்கின்றன. அங்கே மேடை உயரத்தை லோரிக்கு மிக அருகில் கொண்டுவருவதற்குத்தான் பணத்தைப் போட வேண்டும். கொள்கலனுக்கு ஒரு மேடை, சின்ன லோரிக்குத் தாழ்வான இன்னொரு மேடை என்று இரண்டாகக் கட்டிவிடுவதே நல்லது என்பேன். ஒரே உயரத்தில் எல்லாவற்றையும் சமாளிக்கப் பார்ப்பது வேலை செய்கிறவர் முதுகில் போய் விழுகிறது.

அகலத்திலும் ஒரு கணக்கு உண்டு. கொள்கலன் கதவின் உள்ளகலம் ஏறத்தாழ 2.33 மீட்டர். லெவலர் 2 மீட்டர் என்றால் இரு பக்கமும் 16 சென்டிமீட்டர் மிச்சம். ஓட்டுநர் கொஞ்சம் சாய்வாகப் பின்பக்கமாக எடுத்து, கோஸ்தான் அடித்து நிறுத்தினாலும் நாக்கு கதவுச் சட்டத்தில் இடிக்காமல் உள்ளே இறங்கும்.

எடையைப் பார்ப்போம். "என் ஃபோர்க்லிஃப்ட் 2.5 டன்" என்று சொல்லி அதற்கேற்ற லெவலரைக் கேட்பவர்கள் உண்டு. 2.5 டன் என்பது அது தூக்கக்கூடிய சுமை. முன்னால் சுமையைத் தூக்கும்போது குப்புறச் சாயாமலிருக்க, பின்னால் கனத்த இரும்பை வைத்துத்தான் அந்த வண்டியைச் செய்கிறார்கள். ஆகவே அதன் சொந்த எடையே 3.8 டன் அளவில் வரும். சுமையும் சேர்ந்தால் 6 டன்னைத் தாண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் முன் அச்சில் உட்கார்ந்திருக்கும். அந்த எடை நாக்கின் கீல் மேல் உருண்டு போகிறது, அதுவும் ஒரு தடங்கலில் ஏறி இறங்குகிற அதிர்ச்சியோடு. 40 அடி கொள்கலனில் 20 பாலெட் என்றால், போக வர 40 முறை. நாளுக்கு 5 கொள்கலன், ஆண்டுக்கு 300 நாள் என்று பார்த்தால் ஒரே லெவலரில் 60,000 முறை. இரும்பு ஒரே அடியில் முறிவதைவிட, இப்படித் திரும்பத் திரும்ப வளைந்து பற்றவைப்பில் மயிரிழை விரிசல் விட்டு முறிவதே அதிகம். பட்டியலில் 6 டன் என்று போட்டிருக்கும் லெவலர், 6 டன் ஓடும் இடத்துக்குக் கடைசி எல்லையில்தான் நிற்கிறது. ஒரு படி மேலே வாங்கினால் அந்த விரிசல் பல ஆண்டு தள்ளிப்போகும்.

ஸ்பிரிங், ஹைட்ராலிக், காற்றுப்பை என்று மூன்று வகை லெவலர்கள் வருகின்றன. ஸ்பிரிங் வகையில் சங்கிலியை இழுத்தால் தகடு எழும்பும், ஆள் அதன் மேல் நடந்து அமுக்கி இறக்க வேண்டும். விலை குறைவு, மின்சாரம் வேண்டாம். ஆனால் ஸ்பிரிங் தளர்ந்துகொண்டே போகும், அதை அடிக்கடி முறுக்கிச் சரிசெய்ய ஆள் வேண்டும். ஹைட்ராலிக்கில் பொத்தானை அமுக்கினால் போதும். அதைவிட முக்கியமாக, தகட்டின் மேல் ஃபோர்க்லிஃப்ட் இருக்கும்போது லோரி நகர்ந்துவிட்டால், எண்ணெய் சட்டென்று வெளியேறாதபடி ஒரு வால்வு தானாக அடைத்துக்கொள்ளும். தகடு விழாமல் நின்றுவிடும். நாள் முழுக்க வேலை ஓடும் கிடங்குக்கு என் தேர்வு ஹைட்ராலிக்தான், அந்த வால்வுக்காகவே.

லோரி நகர்ந்துவிட்டால் என்று சொன்னேன். அது எப்படி நகர்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் லோடிங் பேயில் உயிர் போகும் இடம் இதுதான்.

ஃபோர்க்லிஃப்ட் மேடையில் வேகம் எடுத்து, கொள்கலனுக்குள் போய் பிரேக் போடுகிறது. அதை நிறுத்தும் விசை கொள்கலன் தரையிலிருந்து பின்னோக்கி வருகிறது. அப்படியானால் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி கொள்கலன் முன்னோக்கி, அதாவது மேடையை விட்டு விலகும் பக்கம், தள்ளப்படுகிறது. சரக்கை வைத்துவிட்டு ஃபோர்க்லிஃப்ட் பின்பக்கமாகக் கிளம்புகிறது. இப்போது அதன் சக்கரம் தரையை உந்துகிறது. அந்த உந்தலும் கொள்கலனை மேடையை விட்டு விலக்கும் பக்கமே. மேடைக்கு வந்து பிரேக் போடும்போது திரும்பக் கிடைக்கும் உதையை வாங்கிக்கொள்வது சிமெண்டுத் தரை, கொள்கலன் அல்ல. ஆக, நுழைந்தாலும் வெளியேறினாலும் டிரெய்லர் ஒரே திசையில்தான் தள்ளப்படுகிறது. போகும்போது தள்ளியதை வரும்போது ஈடுகட்டும் என்ற எண்ணம் தவறு.

எவ்வளவு விசை? சுமையோடு 5 டன் வரும் ஃபோர்க்லிஃப்ட் மணிக்கு 8 கிலோமீட்டரில் வந்து ஒன்றரை விநாடியில் நின்றால், ஏறத்தாழ 7,500 நியூட்டன். முக்கால் டன் எடை பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். டிரெய்லரின் பிரேக் அதைத் தாங்கும், ஆனால் ஒவ்வொரு தள்ளலுக்கும் டயரும் வில்பட்டையும் ஆடி, டிரெய்லர் கொஞ்சங்கொஞ்சமாக ஊர்ந்துவிடும். ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 40 தடவையில் 120 மில்லிமீட்டர். நாக்கு படிந்திருந்த 100 மில்லிமீட்டர் காணாமல் போயிருக்கும்.

ஊர்வது ஒருபுறம். ஓட்டுநர் வேலை முடிந்தது என்று நினைத்து வண்டியை எடுத்துவிடுவது இன்னொரு புறம். உள்ளே ஃபோர்க்லிஃப்ட் இருக்கும்போதே லோரி நகர்ந்தால், மேடைக்கும் லோரிக்கும் நடுவே ஒரு பள்ளம் திறக்கும், வண்டி ஆளோடு அதில் விழும். பிரைம் மூவரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டு டிரெய்லரைத் தன் கால்களில் நிற்கவைத்தால் வேறொரு ஆபத்து: ஃபோர்க்லிஃப்ட் கொள்கலனின் மூக்குவரை போகும்போது, கால்களுக்கு முன்னால் எடை ஏறி டிரெய்லர் குப்புறக் கவிழலாம். மூக்குக்கு அடியில் தனியாக ஒரு தாங்கி வைக்காமல் அப்படி ஏற்றவே கூடாது.

லோரி நகராமலிருக்கச் சக்கரத்தில் கட்டை போடுவது பழைய வழி. நல்ல வழியும்கூட, ஒழுங்காகப் போட்டால். மழையில் எண்ணெய்ப் பசையோடு இருக்கும் தரையில் கட்டை வழுக்கும். கட்டையை எடுத்துவர, ஓட்டுநரின் உதவியாளரான கெலிண்டான் லோரிக்கும் சுவருக்கும் நடுவே போக வேண்டியிருக்கும். லோரியின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் வந்திருக்கின்றன. ஆனால் லோரிக்கு லோரி அந்தக் கம்பியின் உயரம் மாறும், பல முறை இடிபட்டு வளைந்தும் இருக்கும். பல கம்பெனி லோரிகள் வந்துபோகும் இடத்தில் சக்கரத்தையே பூட்டும் வகை மேல். எது வாங்கினாலும், உள்ளே ஆள் இருக்கும்வரை ஓட்டுநரின் சாவி கிடங்கு மேலாளரின் மேசையில் இருக்க வேண்டும். காசு செலவில்லாத இந்த ஒரு பழக்கம், ஆயிரக்கணக்கான ரிங்கிட் கருவிக்குச் சமமான வேலையைச் செய்கிறது. பின்னால் நின்று "கோஸ்தான், கோஸ்தான், வா வா" என்று கையசைக்கும் கெலிண்டான் லோரியின் பக்கவாட்டில், ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். லோரிக்கும் மேடைக்கும் நடுவே பம்பர் விடும் இடைவெளி பத்து சென்டிமீட்டர்தான், மனித மார்பு அதைவிட அகலம்.

அந்த பம்பர் நம் ஊர்ச் சரக்கு. கறுப்பாக, சதுரமாக, மேடை விளிம்பில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் ரப்பர் கட்டை. 30 டன் லோரி விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில், அதாவது மனிதர் மெல்ல நடக்கும் வேகத்திலும் பாதியில் வந்து இடித்தால், அதன் இயக்க ஆற்றல் 3,750 ஜூல். சிமெண்டில் நேராக இடித்து ஒரு சென்டிமீட்டரில் நின்றால் சராசரி விசை 38 டன் எடைக்குச் சமம். ரப்பர் 4 சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் அது ஒன்பதரை டன்னாகக் குறைகிறது. அமுங்கிய ரப்பர் வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக்கி விட்டுவிட்டு மீதியைத்தான் திருப்பிக் கொடுக்கும், அதனால் லோரி பந்துபோல் துள்ளுவதில்லை. பழைய லோரி டயரை வெட்டி அடுக்கிச் செய்த பம்பர்கள் நன்றாக உழைக்கும். கார் டயரைவிட லோரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம்.

கிந்தா கெல்லாஸ் போன்ற தோட்டங்களின் ஸ்டோரில் ரப்பர் ஏற்றியவர்களுக்கு இந்தக் கருவிகள் எதுவும் இருந்ததில்லை. புகைபோட்ட ஷீட்டை அழுத்திக் கட்டிய பேல் ஒன்று 111 கிலோ, ஒன்பது சேர்ந்தால் ஒரு டன். 1965இல் எஸ்எம்ஆர் எனும் தரமுறை வந்தபின் கட்டி ரப்பர் 33.3 கிலோ பேலாகச் சிறுத்தது, முப்பது சேர்ந்தால் ஒரு டன். இன்று மலேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் வழிகாட்டி, ஆண் ஒருவர் இடுப்பு உயரத்தில் உடம்போடு ஒட்டித் தூக்க 25 கிலோ என்கிறது. தரையிலிருந்து குனிந்து தூக்கினாலோ தோளுக்கு மேல் ஏற்றினாலோ 10 கிலோதான். சிறுத்த பேல்கூட அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. நம் தாத்தாக்களின் முதுகெலும்பு என்ன விலை கொடுத்தது என்பதை எந்தத் தோட்டக் கணக்குப் புத்தகமும் எழுதிவைக்கவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்கள். அவர்கள் நிற்கும் மேடையை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிந்தா பள்ளத்தாக்கின் மண்ணையும் மழையையும் கணக்கில் சேர்க்காத மேடை நிலைக்காது. தஞ்சோங் துவாலாங் சாலையில் இன்றும் நிற்கும் டிடி5 ஈயக்கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை மண்ணைத் தோண்டி, ஈயத்தைப் பிரித்து, மிச்சத்தைப் பின்னால் கொட்டியபடியே நகர்ந்தது. அதைப் போன்றவையும் லொம்பொங்கு எனும் ஈயச் சுரங்கங்களும் விட்டுப்போனது தளர்ந்த மணலும் குழைந்த சேறும். அந்த நிலத்தில் கட்டடத்தைப் பைல் அடித்துத்தான் நிறுத்துகிறோம், ஆனால் லோரி நிற்கும் முற்றத்துக்குப் பைல் அடிப்பதில்லை. ஆண்டுகள் போகப்போக முற்றம் மட்டும் அமரும். 1.3 மீட்டருக்குக் கட்டிய மேடை, 8 சென்டிமீட்டர் அமர்ந்த முற்றத்திலிருந்து பார்க்க 1.38 மீட்டர். மூன்று டன் லோரிக்கான வித்தியாசம் 30 சென்டிமீட்டரிலிருந்து 38 ஆகிவிடும், 2.4 மீட்டர் லெவலர் அதற்குப் போதாது. பழைய ஈய நிலத்தில் கட்டுகிறவர்கள் லெவலரை ஒரு அளவு நீளமாகவே வாங்கிவிடட்டும், முற்றத்துக்கும் லோரி நிற்கும் இடம்வரை கனமான கான்கிரீட் பலகை போடட்டும்.

சில இடங்களில் மேடையை உயர்த்துவதற்குப் பதில் முற்றத்தைச் சரித்துத் தோண்டிவிடுகிறார்கள். மண்வேலை மிச்சமாகும். ஆனால் 6 விழுக்காடு சரிவில் பின்பக்கமாக இறங்கும் கொள்கலனின் தலை கட்டடத்தை நோக்கிச் சாயும். பம்பர் மட்டத்திலிருந்து 2.9 மீட்டர் உயரத்தில் அது 17 சென்டிமீட்டர் உள்ளே வந்துவிடும். பம்பரின் 10 சென்டிமீட்டர் போதாமல், கொள்கலனின் மேல்விளிம்பு சுவரில் இடிக்கும். மாலை இடிமழை ஒன்று போதும், முற்றத்துத் தண்ணீர் எல்லாம் லெவலர் குழிக்கு வந்துசேரும். குழியில் வடிகால் இல்லையென்றால் துரு ஒருபக்கம், ஏடிஸ் கொசு மறுபக்கம். கொசு வளர இடம் கொடுத்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

குளிர்க்கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு எதிரி ஈரக்காற்று. 32 டிகிரி வெப்பத்தில், 70 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். 5 டிகிரியில் அதே காற்று 7 கிராமுக்கு மேல் தாங்காது. மீதி 17 கிராம் தண்ணீராகத் தரையிலும் லெவலர் தகட்டிலும் படியும். கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நூற்றுக்கணக்கான கனமீட்டர் காற்று உள்ளே புகலாம், வாளி வாளியாகத் தண்ணீர் என்று அர்த்தம். ஈரத் தகட்டில் ஃபோர்க்லிஃப்ட் டயருக்குப் பிடிமானம் கிடைக்காது. கொள்கலனைச் சுற்றி அழுத்திப் பிடிக்கும் மெத்தையும், லோரி வந்து ஒட்டிய பிறகே திறக்கும் கதவும் இங்கே அலங்காரப் பொருட்கள் அல்ல.

மேடையே இல்லாத சின்னப் பட்டறைகள் பெம்பான் பக்கம் பார்க்கலாம். தரைமட்டத்தில் வாசல், எதிரே ஒன்றரை மீட்டர் உயரத்தில் கொள்கலன். மேடை கட்ட முடியாது என்றால் சக்கரம் வைத்த நகரும் இரும்புச் சரிவு ஒன்று வாங்கலாம். 12.5 விழுக்காட்டுக் கணக்கில் அது 12 மீட்டர் நீளம் வரும், அதற்கு முன்னால் ஃபோர்க்லிஃப்ட் திரும்பவும் இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் டெயில் லிஃப்ட் வைத்த லோரியைக் கேட்டு வாங்குவது நேர்மையான வழி. நாலு பேரைக் கூப்பிட்டுக் கைமாற்றி இறக்குவதை வழி என்று சொல்ல மாட்டேன்.

2024 ஜூன் 1 முதல், 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் நடப்புக்கு வந்திருக்கிறது. 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் அன்றோடு நீங்கியது. கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட் வரை உயர்ந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம் என்றும் சட்டம் இப்போது சொல்கிறது. கட்டை போடாத டிரெய்லருக்குள் ஃபோர்க்லிஃப்டை ஓட்டச் சொன்னால், தம்பி, நீங்கள் மறுக்கலாம்.

காலையில் முதல் லோரி வருமுன் லெவலரை ஒருமுறை வெறுமையாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். நாக்கு முழுதாக விரிகிறதா, கீலின் இரு முனையிலும் பற்றவைப்பில் துருக்கோடு தெரிகிறதா, பம்பரில் போல்ட் தளர்ந்திருக்கிறதா, குழியில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துருக்கோடு என்று சொன்னது விரிசலின் முதல் அடையாளம், பெயிண்ட் பிளந்து பழுப்பாகக் கசிந்திருக்கும். அதைக் கண்டால் அந்த வாசலை அன்றே மூடிவிட்டு, லோரியை அடுத்த வாசலுக்குத் திருப்பிவிடுங்கள்.